நாலுக்குக் கீழே ஒரு கோடு

அன்று காலையிலிருந்து அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பத்து மணிக்குள் நாலு தடவை தண்ணீர் குடிக்கப் போய் வந்துவிட்டாள். தாகம் ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு மேலே சுவர்க் கடிகாரம் இருந்தது, அவ்வளவுதான். மூன்று மணிக்கு அண்ணனுக்கு விசாரணை. துறைமுக அலுவலகத்தில், இரண்டாவது மாடியில். அவனுடைய படகு லைசென்ஸ் இருக்குமா, ஒரேயடியாகப் போய்விடுமா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள்.

அண்ணி முந்தின நாளே போன் செய்திருந்தாள். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். வந்து ஒரு ஓரமா உக்காந்தாலே அவருக்குத் தெம்பா இருக்கும்."

"நாளைக்கழிச்சு ஆபீஸ்ல கண்காட்சி அண்ணி. லீவுன்னு வாயைத் திறந்தாலே சூப்பிரண்டு குதிப்பார்."

அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், அண்ணன் முகத்தில் முழிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

அவள் வேலை பார்ப்பது கடல் வரைபடம் போடும் அலுவலகத்தில். எங்கே எவ்வளவு ஆழம், எங்கே பாறை, எங்கே மணல் திட்டு என்று கணக்கெடுத்து, கப்பல்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் அச்சடித்தும் திரையில் ஏற்றியும் கொடுக்கிற இடம். பதினெட்டு வருஷ சர்வீஸ். அங்கே அவளுக்குப் பெயர் 'மறுபடி'. எதை முடித்தாலும் "மறுபடி ஒரு தடவை பாத்துடலாமே" என்பாள். மேஜை டிராயரைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். லிஃப்டில் ஏறினபிறகு இறங்கிப் போய் விளக்கை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வருவாள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடலே ஒப்புக்கொண்ட மாதிரி என்று சூப்பிரண்டு கேலி செய்வார். கேலி என்று பெயர், ஆனால் மனுஷர் அதை முழுசாக நம்பினார். அவளும் நம்பினாள், அதுதான் வினை.

ஒன்பது நாளைக்கு முன்னால், பட்டப்பகலில், அண்ணன் ஓட்டிப்போன பயணிகள் படகு எதிர்த் தீவுக்குப் போகிற வழியில் அடிபட்டது. உள்ளே இருபத்துமூன்று பேர். அது போன மாதம்தான் புதிதாகத் திறந்துவிட்ட குறுக்குவழி. அடிபட்டு ஓட்டை விழுந்த படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்த் தெற்குத் திட்டில் சாத்தியது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. வழிகாட்டும் கருவி தண்ணீர் புகுந்து பாழானதால், படகு போன தடத்துக்குப் பதிவு எதுவும் இல்லை. அண்ணன் முதல் நாளிலிருந்து சொன்னது ஒரே வார்த்தைதான்: வழியில் நடுவாந்திரத்தில் பாறை இருக்கிறது.

பாறை இல்லை என்றது வரைபடம். படகு கிடந்த இடமோ தெற்குத் திட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்த துறைமுகத்துக்காரர்களுக்குக் கணக்கு சுலபமாக முடிந்தது: ஆள் வழி தவறித் திட்டில் ஏற்றிவிட்டு, இல்லாத பாறைமேல் பழி போடுகிறான். வழியையும் அன்றைக்கே மூடிவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால்கூட அவனை விடவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் அவளுடைய அலுவலக வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. செருப்பைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"பாப்பா, நீ கொஞ்சம் பாரேன். அடியில இடிச்சது கல்லுதான். மணல்ல ஏறினா சத்தமே வேற."

அவள் போய்த் திரையில் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அவள் குணத்துக்கு மூன்றாவது தடவையும் பார்த்தாள். மூன்று தடவையும் அதே திரை.

"அங்க ஒண்ணும் இல்லண்ணா. நீரோட்டத்துல நீ கொஞ்சம் தள்ளிப் போயிருப்ப."

"அமாவாசை வரைக்கும் பொறுக்கச் சொல்லு. அன்னிக்குத் தண்ணி நல்லா வத்தும். பாறையே வெளிய வந்து சாட்சி சொல்லும்."

"இருந்தாத்தானே வர்றதுக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தும் வைத்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. சரி பாப்பா என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த 'சரி பாப்பா' ஆறு நாளாக அவளைத் தூங்க விடாமல் படுத்திக்கொண்டிருந்தது. ஏன் என்றுதான் அவளுக்கே விளங்கவில்லை. உள்ளதைத்தானே சொன்னோம்?

கண்காட்சிக்கு சூப்பிரண்டு வைத்த தலைப்பு 'ஒரே கடல், நாலு தலைமுறை'. ஒரே இடத்தின் நாலு வரைபடங்களை வரிசையாக மாட்டி, வரைபடம் எப்படி வளர்ந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு அவர் எடுத்த இடம் எதிர்த் தீவுக் கடல். "வேற இடம் போடலாமா சார்?" என்று அவள் கேட்டதற்கு, "வேற எதுக்கும் நாலும் முழுசாக் கிடைக்கலம்மா, எல்லாம் கரையான் தின்னது" என்றார். கீழே எழுதி ஒட்ட வேண்டிய குறிப்புகளை இவள் தலையில் கட்டினார்.

நீண்ட மேஜையில் நாலு தாள்களையும் விரித்து, மூலைக்கு மூலை இரும்புக் குண்டு வைத்து, நின்றுகொண்டே எழுதினாள். உட்கார்ந்தால்தான் கால் ஆடுகிறதே.

முதல் தாள் கையால் வரைந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் வயசு. அந்தக் காலத்தில் ஆழம் பார்த்த விதமே தனி. துடுப்புப் படகில் ஒருவன் நின்றுகொண்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் வீசுவான். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்று முடிச்சைப் பார்த்து எத்தனை பாகம், எத்தனை அடி என்று கத்துவான். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம், ஆறடி. குண்டின் அடியில் கொழுப்பைத் தடவியிருப்பார்கள். அதில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தால் கீழே மணல். ஒன்றும் ஒட்டாமல் அடிபட்ட தழும்போடு வந்தால் பாறை. ஒரு வளைகுடாவை அளந்து முடிக்க இரண்டு மூன்று வருஷம். வெயில் தாங்காமல் விழுந்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள் பெயரெல்லாம் தாளில் இருக்காது. எண்கள் மட்டும் எறும்பு வரிசை மாதிரி இருக்கும்.

இரண்டாவது, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. தகட்டில் எல்லாவற்றையும் இடவலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரு எண் தப்பாகப் போனால் தகட்டின் முதுகில் சுத்தியால் தட்டி, அந்த இடத்தை மேலே எழுப்பி, தேய்த்துச் சமனாக்கி, புதிதாகச் செதுக்க வேண்டும். ஒரு தப்புக்கு அரை நாள். தப்புச் செய்யவே பயந்திருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது, பாகத்தையும் அடியையும் மீட்டராக மாற்றிப் போட்டது. அதன் மூலப்படம் பூஞ்சை பிடித்துப் பாழானதால், யாரோ பல வருஷம் மடித்து வைத்திருந்த ஓர் அச்சுப் பிரதிதான் மிச்சம். நாலாவது, அந்தப் பிரதியை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியது. இன்றைக்குப் படகோட்டிகள் கையில் இருப்பது இந்த நாலாவது. கொழுப்புத் தடவிய குண்டு எடுத்து வந்த அதே எண்கள் பல, உடுப்பை மாற்றிக்கொண்டு அந்தத் திரையில் உட்கார்ந்திருக்கின்றன. 'வரைபடத்தில் முழுக்கப் புதியது என்று ஒன்று இல்லை' என்று குறிப்பில் எழுதினாள். சூப்பிரண்டு அடித்துவிடுவார், அவருக்கு நீளமாக எழுதினால் ஆகாது.

எழுதிவிட்டுச் சும்மா இருக்கலாம். இருக்க மாட்டாளே. பார்வையாளருக்குக் காட்ட ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அது முதல் தாளிலிருந்து நாலாவது தாளுக்கு எப்படி வந்தது என்று அம்புக்குறி போடலாம் என்று தோன்றியது. விரல் அதுவாகவே எதிர்த் தீவுக்குப் போகிற வழிக்குப் போனது.

முதல் தாளில் 4 என்று இருந்தது. கீழே ஒரு சின்னக் கோடு.

இரண்டாவது தாளில் 4. கீழே கோடு.

மூன்றாவதில் நாலடியை மீட்டராக்கி 1.2. சரியாக அந்த இடத்தில் தாளின் மடிப்பு ஓடியது. குனிந்து, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். மடிப்போடு மடிப்பாக ஒரு சின்னக் கோடு.

நாலாவதில் 1.2. கோடு இல்லை.

வரைபடம் படிக்கத் தெரிந்த யாருக்கும் இது சின்ன விஷயம் இல்லை. எண் மட்டும் இருந்தால் அது ஆழம்: தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்திலும் அங்கே அவ்வளவு தண்ணீர் நிற்கும். எண்ணுக்குக் கீழே கோடு இழுத்திருந்தால் அர்த்தமே தலைகீழ். அது உயரம்: தண்ணீர் வற்றும்போது அவ்வளவு உயரத்துக்குப் பாறை வெளியே தெரியும், தண்ணீர் ஏறினால் மூழ்கிப்போகும். அண்ணன் போன நேரத்துக்குத் தண்ணீர் இரண்டு மீட்டர் ஏறியிருந்தது. திரைக் கணக்கில் அவன் படகுக்குக் கீழே மூன்று மீட்டருக்கு மேல் தண்ணீர். நிஜத்தில் பாறைக்கு மேலே தொடையளவுதான். அவன் படகு மிதக்க அது எந்த மூலைக்கு?

கோட்டை யார் எடுத்தது என்று அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஸ்கேன் செய்த ஆயிரத்துச் சொச்சம் தாள்களைத் திரையில் சுத்தம் செய்கிற வேலை அவளுடையது. கறை, தூசி, பேனா ஒழுகல், மடிப்பு, எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக அழித்தாள். இந்தத் தாளின் மடிப்பை அழிக்க ஒரு நாள் முழுக்க ஆனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. எண்கள்மேல் கை படாமல் மடிப்பை மட்டும் எடுத்தோம் என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அந்த வருஷம் 'மிகத் தூய்மையான பணி' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

அவள் மூன்றாவது தாளின்மேல் இருந்த இரும்புக் குண்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டு சூப்பிரண்டு அறைக்கு ஓடினாள். மணி பன்னிரண்டேகால்.

சூப்பிரண்டு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, கடற்கரை ரேடியோவில் எச்சரிக்கை ஒலிபரப்பச் சொன்னார். இடத்தைச் சொன்னார், உயரத்தைச் சொன்னார், எழுதிக்கொண்டதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த விஷயத்தில் மனுஷரைக் குறை சொல்ல முடியாது. பாறை என்றால் அவருக்குப் பாறைதான்.

"மூணு மணிக்கு எங்க அண்ணனுக்கு விசாரணை சார். இதை நான் அங்க எடுத்துட்டுப் போகணும்."

"அது வேற இலாகாம்மா. நாம முறைப்படி கடிதம் எழுதுவோம். திங்கக்கிழமை மேலிடத்துல ஒப்புதல் வாங்கி—"

"திங்கக்கிழமை லைசென்ஸ் இருக்காது சார்."

அவர் சாப்பாட்டை மூடினார். "எடுத்துட்டுப் போய் என்ன சொல்லுவீங்க? ஸ்கேன்ல கோளாறுன்னு சொல்லுங்க. மெஷின் வந்து மறுத்துப் பேசப் போகுதா?"

"மெஷின் ஒழுங்காத்தான் எடுத்துருக்கு சார். அழிச்சது நான்."

"உங்க வேலைக்கே உலை வெச்சுக்கறீங்க. தெரியுதா?"

"தெரியுது சார்." உண்மையிலேயே தெரிந்தது. இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்காரரின் பாதிச் சம்பளம், எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, அண்ணன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் நின்றது.

காப்பகத் தாளை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் காரணம் எழுத வேண்டும். சூப்பிரண்டு பேனாவைத் திறந்தார், மூடினார். மேலதிகாரிக்குப் போன் செய்தார், அவர் எடுக்கவில்லை. அறைக்குள்ளேயே நடந்தார். ஜன்னலைத் திறந்தார். அவள் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்ததில் ஒரு தடவை முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். கடைசியில், இரண்டு மணி அடித்த பிறகு, உட்கார்ந்து 'காட்சிக்கு வைக்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பொய் இல்லையே," என்றார். "காட்டத்தானே போறீங்க."

டாக்ஸி பாலத்தடியில் மாட்டிக்கொண்டது. தாள் சுருளை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, ஓட்டுநரிடம் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாள். "எனக்கு மட்டும் றெக்கையா இருக்குக்கா?" என்றார் அவர். இரண்டே முக்காலுக்கு இறங்கி நடந்தாள். நடந்தது ஓட்டமானது. ஓட்டத்தில் பைக்குள் போன் அடித்ததும் கேட்கவில்லை. அண்ணிதான் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

இரண்டாவது மாடியில் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் நுழைந்தபோது மூன்று பத்து. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். இந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையில் அண்ணன், பின்னால் அண்ணி. அண்ணன் ஒன்பது நாளில் ஒன்பது வயது கூடிவிட்டான்.

"யாரும்மா நீங்க?"

சொன்னாள். எந்த அலுவலகம், என்ன வேலை, யாருக்குத் தங்கை. மூச்சு வாங்கியது. தாளை விரித்தாள். சுருண்டது. அண்ணன் எழுந்து வந்து ஒரு முனையை அழுத்திப் பிடித்தான், பழக்கதோஷம். அவளைப் பார்க்கவில்லை.

கேப்டன் குனிந்தார். அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. விரலை அந்த 1.2-இன் கீழே வைத்தார், எடுக்கவில்லை.

"திரையில இந்தக் கோடு இல்லையே."

"இல்ல சார். நான் அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"மடிப்புன்னு நினைச்சேன். பதினொரு வருஷத்துக்கு முன்னாடி. இன்னிக்கு மத்தியானம்தான் கண்டுபிடிச்சேன்."

"உங்க அண்ணன் உங்ககிட்ட பாறை இருக்குன்னு சொல்லலையா?"

"சொன்னார்."

"அப்புறம்?"

"நான் நம்பலை சார். பழைய தாளை எடுத்துப் பாத்திருக்கலாம். ரெண்டு மாடி கீழதான் இருந்துச்சு. பாக்கலை. என் படம் தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

கேப்டன் கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க கொஞ்சம் முந்தி வந்திருக்கணும்மா. இவர் மூணு மணிக்கே எழுதிக் கொடுத்துட்டார். தப்பு தன்னோடதுதான்னு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். அண்ணனுடைய எழுத்து, வரிக்கு வரி கீழே சரிகிற எழுத்து, அவளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது.

"'வழியில் பாறை இடித்தது என்று நான் இதுவரை சொல்லி வந்தேன். என் தங்கை கடல் வரைபட அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறார். எதையும் மூன்று முறை பார்க்காமல் சொல்ல மாட்டார். அங்கே பாறை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே நான்தான் வழி தவறியிருக்க வேண்டும். இதை ஒப்புக்கொள்கிறேன்.'"

இல்லாத குற்றத்துக்கு அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக. துறைமுகத்தார் ஒன்பது நாள் மிரட்டியும் அவன் வாயிலிருந்து வராதது, அவள் சிரித்துக்கொண்டே சொன்னதில் வந்துவிட்டது.

"இதை வாபஸ் வாங்கிக்கறீங்களா?" என்று கேப்டன் அண்ணனைக் கேட்டார். "வாங்கிக்கிட்டா, அமாவாசைக்கு நாலு நாள் இருக்கு. அளவைப் படகு அனுப்பிப் பாத்துட்டு முடிவு செய்யறோம்."

அண்ணன் தாளைப் பார்த்தான். இன்னும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது. கோபமா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எனக்கு இந்தப் படமெல்லாம் அவ்வளவாத் தெரியாது சார்," என்றான். "அவளையே கேளுங்க. அவ இருக்குன்னு சொன்னா வாங்கிக்கறேன்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை.

"இருக்குண்ணா," என்றாள். "நாலடி உயரம். நீ சொன்ன இடத்துலதான் இருக்கு."